கோடைப் பறவைகளின் பாட்டும் ஆண்டுக் கணக்கும்

பறவைகளைப் பார்த்தல் வெறும் பொழுதுபோக்கே என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அக்கருத்துச் சரியன்று என்பதை அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனிலுள்ள ராக் கிரீக் பூங்காவின் அனுபவம் காட்டுகிறது.

1890-ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட இப்பூங்கா, நகரினூடே பரந்துள்ள இலையுதிர் காடாகும். வுட் திரஷ், செங்கண் விரியோ போன்ற பறவைகள் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கூடு கட்டுவதற்காக இங்கு வருகின்றன. ஜூன் மாதத்தில் மரங்கள் அடர்ந்து தழைத்திருப்பதால் அவற்றைக் கண்ணால் காண்பது அரிது, செவியே துணை. ஆண் பறவை தன் எல்லையைப் பாடி அறிவிக்கிறது. ஆதலின், ஒரே நிலப்பகுதிக்கு விடியற்காலையில் பலமுறை சென்று, பாட்டுக் கேட்ட இடங்களை வரைபடத்தில் குறித்துவந்தால், அக்குறிகள் சில இடங்களில் திரண்டு நிற்கும். ஒவ்வொரு திரளும் ஓர் ஆண் பறவையின் எல்லை எனக் கொள்ளப்படும்.

1948 முதல் பறவை ஆர்வலர்கள் இம்முறையில் அங்குக் கணக்கெடுத்துவந்தனர். சுமார் 30 ஆண்டுக் குறிப்புகளை ஒருங்கே நோக்கியபோதுதான், தொலைவிலிருந்து வரும் பாடும் பறவைகள் பல வெகுவாகக் குறைந்துவிட்டமை புலனாயிற்று. பூங்காவின் மரங்களோ நின்றுகொண்டிருந்தன. ஓராண்டு மட்டும் சென்று கேட்டவருக்குக் குறையேதும் தோன்றியிராது.

பாட்டுக் கேட்பதாலேயே ஓர் இனம் செழிக்கிறது என முடிவு செய்தலும் தவறு. ஓவன்பேர்டு என்னும் பறவையில், துணை கிடைக்காத ஆணே மிகுதியாகப் பாடுகிறது என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனவே கூடு, இரை கொணர்தல், குஞ்சு ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

நம் நாட்டில் 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சுமார் 30,000 பேர் அளித்த 3 கோடிக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டது. இது பாராட்டத்தக்கதே. ஆயினும், ஒரே தோப்பைப் பல பத்தாண்டுகள் ஒரே முறையில் கணக்கெடுத்த பதிவுகள் நம்மிடம் அரியன. இக்குறையைப் போக்க ஆசிரியர்களாலும் களப்பணியாளர்களாலும் இயலும் என்பதே எமது கருத்து. பள்ளித் தோட்டமோ வனச்சரகத்தின் ஒரு மூலையோ போதும். குண்டுகரிச்சானும் மாம்பழச்சிட்டும் பாடும் கோடையில், குறித்த நாட்களில், குறித்த நேரத்தில் கேட்டெழுதுக. ஒன்றும் கேளாத நாளையும் தவறாது பதிக. பணிமாற்றம் பெறுங்கால் அக்குறிப்பேட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் செல்க.