சுடு ஒத்தணமா, குளிர் ஒத்தணமா?

பூநகரியிலிருந்து தாயார் ஒருவர் எழுதிய கடிதம் நம் முன்னே கிடக்கிறது. மகன் உதைபந்தாட்டத்தில் கரண்டைக்கால் உளுக்கி, வீக்கத்துடன் வீடு திரும்பினானாம். அதே கிழமையில் கணவர் நெல்மூட்டை தூக்கப்போய் நாரி பிடித்துப் படுத்துவிட்டாராம். மாமியார் இருவருக்கும் தவிட்டு ஒத்தணமே மருந்து என்கிறார். மகனோ இருவருக்கும் ஐஸ்தான் என்கிறான். அறுவடைக் காலத்தில் வீட்டில் இருவர் படுத்துக்கொண்டால் வேறு விசாரமும் வேண்டுமா? இருவர் சொல்வதிலும் பாதி சரி என்பது நமது விடை. மாமியாரின் வைத்தியம் கணவருக்கு. மகனின் வைத்தியம் மகனுக்கு.

மூட்டு உளுக்கும்போது உள்ளே உள்ள நார்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கிழிகின்றன. கசிந்த இரத்தமும் நீரும் தேங்குவதே வீக்கம். அந்த வேளையில் சூடு வைத்தால் குழாய்கள் விரிந்து கசிவு மிகும். குளிர் அக்குழாய்களைச் சுருக்குவதோடு, வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளையும் மந்தமாக்கும். ஆகவே முதல் இரண்டு நாளும் குளிர் ஒத்தணமே உகந்தது. மீன் வாடியில் வாங்கிய ஐஸ் ஆயினும் போதும். உடைத்துப் பையிலிட்டு, ஈரத் துவாயிற் சுற்றி, பத்து முதல் இருபது நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மறுபடியும் வைக்கலாம். வெறுந்தோலில் ஐஸை வைப்பது தோலைப் புண்ணாக்கும். ஐஸ் கிடையாதெனின், மண்பானைத் தண்ணீரில் நனைத்த சீலையை அடிக்கடி மாற்றிப் போடுவது ஓரளவு உதவும். எண்ணெய் பூசி உருவுவதை மட்டும் அந்நாள்களில் அறவே தவிர்க்க.

ஐஸின் புகழ் பரவியதற்கு ஒரு கதையுண்டு. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் என்பவர் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒன்றாக்கினார். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘ரைஸ்’, அதாவது அரிசி, என்று வரும். மொட்டைக்கறுப்பன் விளையும் ஊரார்க்கு இதனை மறப்பது கடினம்! ஆனால் அதே வைத்தியரே பிற்காலத்தில் தமது கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கத்தோடு வரும் அழற்சியானது உடல் தன்னைத் தானே செப்பனிடும் முறை; நெடுநேர ஐஸும் முழு ஓய்வும் அதனைத் தாமதப்படுத்தலாம் என்பது அவர் எழுதியது. எனவே வலி தணியும் அளவுக்கு ஐஸ். வலி குறையத் தொடங்கியதும் மெல்ல நடை. அதற்குமேல் வேண்டியதில்லை.

நாரிப்பிடிப்பு வேறு சங்கதி. அங்கே பெரும்பாலும் தசை இறுகி நிற்பதே துன்பம். சூடு அவ்விறுக்கத்தைத் தளர்த்தி இரத்தவோட்டத்தைப் பெருக்கும். 2006இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, சூட்டினால் நாரி நோவு குறுகிய காலத்துக்குச் சிறிது குறைகிறது என்றும், குளிருக்குச் சான்று போதாது என்றும் கண்டது. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, புதிதாக வந்த நாரி நோவுக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாகச் சூட்டையும் பரிந்துரைத்தது. நம் பாட்டிமார் தாச்சியில் தவிடோ உப்போ வறுத்துச் சீலையில் முடிந்து வைத்தது வீண்போகவில்லை. ஆயினும் பாயில் நாட்கணக்கிற் கிடப்பது நோவை நீட்டிக்குமேயன்றிக் குறைக்காது. மூட்டை தூக்காமல், வீட்டுக்குள்ளேனும் நடமாட வேண்டும்.

இனி நாம் பெரிதும் அஞ்சும் விடயம். நீரிழிவுக்காரர் பலருக்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கும். வறுத்த உப்பு தோலைச் சுட்டாலும் அவர்கள் அறியமாட்டார்கள். கொப்புளம் புண்ணாகி, விரலையே இழக்கவும் நேரலாம். அத்தகையோருக்கு முடிச்சைப் பிறர் தம் முன்கையில் வைத்துப் பார்த்த பின்பே வைக்க வேண்டும். உணர்ச்சியற்ற பாதத்தில் சூடோ ஐஸோ வைக்கவே கூடாது. சுடுநீர்ப் போத்தலின்மேற் படுத்து உறங்குவதும் எவருக்கும் ஆகாது.

ஒத்தணத்தோடு நின்றுவிடக் கூடாத வேளைகளும் உள. கரண்டைக்காலை ஊன்றி நான்கு அடி வைக்க இயலாவிடின், அல்லது மூட்டின் இருபுற எலும்பு முனையைத் தொட்டாலே துடித்தால், முறிவா என்று படம் பிடித்துப் பார்க்க வேண்டும். பனையிலிருந்து விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்காமல், அசையாதபடி பலகையிற் கிடத்தியே கொண்டுசெல்ல வேண்டும். நாரி நோவுடன் சிறுநீர் வெளியேறாமை, தொடையிடுக்கில் மரத்தல், கால் சோர்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அது அவசரம். அன்றிரவே கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ புறப்பட வேண்டும். முன்பு கேரதீவுக்குப் படகுப் பாதையை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் அந்தச் சாட்டும் நமக்கில்லை.