லக்ஷ்மி எங்கே போனாள்?

"லக்ஷ்மியைக் காணோம்! உடனே புறப்பட்டு வா!"

இரவு ஒன்பது மணிக்கு டெலிபோனில் அக்காவின் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா வீட்டில் லக்ஷ்மி என்று யாருமே கிடையாதே! எதிர் போர்ஷனில் யாராவது புதிதாகக் குடி வந்திருக்கிறார்களா? யோசித்துக் கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். நல்ல வேளை, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

போய்ப் பார்த்தால், கூடத்தில் லாப்டாப்பின் முன்னால் அக்காவின் பெண் கண்ணைக் கசக்கிக் கொண்டிருக்கிறாள். அவள் அண்ணன்காரன் கையில் ஒரு பென்டிரைவோடு, பிடிபட்ட திருடனைப் போல நிற்கிறான். விசாரித்ததில், லக்ஷ்மி ஒரு பசு. அதுவும் கொட்டிலில் கட்டிய பசு அல்ல. கம்ப்யூட்டர் ஆட்டத்தில் மேய்கிற பசு!

சிரித்து விடாதீர்கள், சகோதரிகளே! நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அப்புறம் விஷயம் தெரிந்ததும் சிரிப்பு தொண்டையிலேயே நின்று விட்டது.

'ஸ்டார்ட்யூ வேலி' என்று ஓர் ஆட்டம். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் தன்னந்தனியாக நாலு வருஷத்துக்கு மேல் உழைத்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. சண்டை சச்சரவைவிட விவசாயந்தான் அதில் பிரதானம். பட்டணத்து வேலையில் அலுத்துப் போன ஒருவருக்குத் தாத்தா ஒரு பாழடைந்த பண்ணையை விட்டுப் போகிறார். அதைத் திருத்தி, விதைத்து, நீர் பாய்ச்சி, கோழியும் பசுவும் வாங்கி வளர்க்க வேண்டும். ஆட்டத்தில் பருவம் ஒன்றுக்கு 28 நாள். நாலு பருவம் சேர்ந்தால் ஒரு வருஷம். மூன்றாம் வருஷம் பிறந்ததும் தாத்தாவின் ஆவியே வந்து, "பண்ணையை எப்படி வைத்திருக்கிறாய்?" என்று பார்வையிடுமாம்!

எங்கள் அம்மா இந்த ஆட்டத்தின் பரம ரசிகை. பேத்தியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக் கொண்டு, "கத்தரிக்காயை அந்த ஓரமாக நடு, கோழிக்குத் தீனி வைத்தாயா?" என்று அதிகாரம் செய்வாள். முதல் பசு வாங்கிய அன்றைக்கு, "லக்ஷ்மி என்று பெயர் வை" என்று சொன்னவளும் அவள்தான். அம்மா போன வருஷம் காலமாகி விட்டாள். பண்ணை மட்டும் நடந்து கொண்டிருந்தது.

இப்போது புரிகிறதல்லவா, அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று?

சரி, லக்ஷ்மி எப்படித் தொலைந்தாள்? அக்கா வீட்டு லாப்டாப் பழசு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற தகுதி அந்த மெஷினுக்கு இல்லை. புதிது வாங்கப் பணம் வேண்டாமா? பையன் சாமர்த்தியசாலி, காசில்லாமல் கிடைக்கிற 'லினக்ஸ் மின்ட்'டைப் போட்டான். பண்ணையைப் பென்டிரைவில் பிரதி எடுத்து, பத்திரமாகப் புது வீட்டில் சேர்த்தான். சேர்த்த கையோடு பென்டிரைவைத் துடைத்து விட்டதுதான் அவன் செய்த முதல் பிசகு.

இரண்டாவது பிசகு மோட் விஷயத்தில் நேர்ந்தது. ஆட்டத்தை எழுதியவர் தராத ஒரு புது உடையையோ, புது ஊரையோ, சௌகரியத்தையோ வேறு யாராவது எழுதிச் சேர்ப்பதுதான் மோட். தங்கைக்கு, ஊர்க்காரர்கள் பருவத்துக்கேற்ப உடை மாற்றிக் கொள்ளும் மோட் ஒன்று வேண்டியிருந்தது. அண்ணன், விண்டோஸுக்கென்று எழுதிய ஒரு மோட் மேனேஜரைப் பிடித்து வந்தான். அது விண்டோஸ் ஆட்டத்தைத்தான் தேடியது. "அதற்கென்ன?" என்று லினக்ஸுக்கான ஆட்டத்தை நீக்கி விட்டு, விண்டோஸ் பதிப்பைப் போட்டான். ஆட்டம் திறந்தது. பண்ணையைக் காணோம், லக்ஷ்மியையும் காணோம்.

"எல்லாவற்றையும் துடைத்து, லினக்ஸையே புதிதாகப் போட்டுப் பார்க்கலாமா, சித்தி?" என்றான், பென்டிரைவைக் காட்டி.

"முதலில் கையை எடு!" என்றேன்.

நல்லவேளையாக நான் கல்லூரி நாளிலிருந்து லினக்ஸோடு குடித்தனம் நடத்துகிறவள். ஆகையால் சங்கதி இன்னதென்று ஊகிக்க முடிந்தது. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

லினக்ஸ் வீட்டில் விண்டோஸ் புரோகிராம் நேராகக் குடியிருக்க முடியாது. 'ஒயின்' என்ற ஏற்பாடு வேண்டும். பெயரைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். 1993 முதல் வளர்ந்து வரும் இந்த ஒயினைக் குடிக்க முடியாது! நம் வீட்டுக்குள்ளேயே விண்டோஸ் மாதிரி ஒரு போர்ஷனைத் தடுத்து, 'சி' டிரைவ் என்று பலகையும் மாட்டி விடுகிறது. உள்ளே வருகிற புரோகிராம் தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே நினைத்துக் கொள்ளும். ஸ்டீம் கடையில் வாங்கும் ஆட்டங்களுக்கு, ஒயினையே அடிப்படையாகக் கொண்ட 'புரோட்டான்' என்ற ஏற்பாட்டை 2018-ல் வால்வ் கம்பெனி கொண்டு வந்தது. அதில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனிப் போர்ஷன். கதவிலக்கம் போல ஒரு நம்பரும் உண்டு.

லக்ஷ்மியின் கதையும் இதுதான். லினக்ஸ் ஆட்டம் பண்ணையை வீட்டின் ஓர் அறையில் வைத்திருந்தது. விண்டோஸ் ஆட்டம் தன் போர்ஷனுக்குள் தேடி விட்டு, "இங்கே பண்ணை ஏதும் இல்லையே!" என்று கையை விரித்து விட்டது. பசு தொலையவில்லை, சகோதரிகளே! தேடினவர்தான் வேறு வீட்டில் தேடினார்.

லாப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். லினக்ஸில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். மின்டில் கன்ட்ரோலையும் 'எச்'சையும் சேர்த்து அழுத்தினால் அவை வெளிப்படும். அழுத்தினேன். 'புள்ளி கான்ஃபிக்' என்ற ஃபோல்டர், அதற்குள் ஆட்டத்தின் பெயர், அதற்குள் 'சேவ்ஸ்'. அங்கே பெண்ணின் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் தாங்கிய ஒரே ஒரு ஃபோல்டர், முந்தின நாள் தேதியோடு. ஆட்டத்தை நீக்கியபோதும் அது அப்படியே இருந்திருக்கிறது. டிஸ்கைத் துடைத்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

முதல் காரியமாக அதைப் பிரதி எடுத்தேன். அப்புறந்தான் மற்றதெல்லாம்.

மோட் மேனேஜர் என்பது எதற்கு என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. சாமர்த்தியம் தெரியாதவர்கள் மோடின் ஃபைலை ஆட்டத்தின் மூல ஃபைலின் மேலேயே போட்டு விடுவார்கள். மூலம் போயே போய்விடும். வாடகை வீட்டுச் சுவரை இடிப்பது போலத்தான்! நல்ல மேனேஜர் சுவரைத் தொடாமல் திரைச்சீலை மாட்டுகிறது. எது வந்தது, எது போனது என்று சலவைக் கணக்கு நோட்டு மாதிரிக் குறித்தும் வைக்கிறது. வேண்டாமென்றால் சீலையைக் கழற்றி விடலாம். சுவர் பழையபடி நிற்கும்.

ஸ்டார்ட்யூவுக்கு 'ஸ்மாபி' என்ற துணைப் புரோகிராம் மோட்களை ஏற்றி விடும்; அதற்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. மோட்களை அடுக்கி வைக்க 'ஸ்டார்டிராப்' என்ற மேனேஜர். அதுவும் லினக்ஸிலேயே நேராக ஓடும். ஆக, ஒயின் போர்ஷனே இந்தப் பண்ணைக்குத் தேவைப்படவில்லை! லினக்ஸ் ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, இவ்விரண்டையும் சேர்த்து முடிக்க அரை மணி கூட ஆகவில்லை.

எல்லா ஆட்டமும் இப்படிச் சுலபமல்ல. 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' போன்றவை விண்டோஸுக்கென்றே எழுதியவை. அவற்றுக்குப் பெயர்பெற்ற 'மோட் ஆர்கனைசர் 2'ம் விண்டோஸ் புரோகிராம்தான். அப்போது மேனேஜரையும் அந்த ஆட்டத்தின் போர்ஷனுக்குள்ளேயே குடிவைக்க வேண்டும். ஆட்டம் ஒரு போர்ஷனிலும் மேனேஜர் வேறொரு போர்ஷனிலும் இருந்தால், இவர் மாட்டுகிற திரைச்சீலை அவர் கண்ணில் படாது. 'புரோட்டான்டிரிக்ஸ்' என்ற கருவி, எந்தப் புரோகிராமை எந்தப் போர்ஷனில் திறப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும்.

இனி, முந்தானையில் முடிந்து கொள்ள வேண்டிய நாலு விஷயங்கள்:

முதலாவது, மோடைத் தொடுமுன் சேமித்த ஆட்டத்தைப் பிரதி எடுங்கள். பிரதி வேறொரு டிஸ்கிலோ பென்டிரைவிலோ இருக்கட்டும். வேலை முடிந்ததும் அதை அழிக்காதீர்கள்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே மோட். போட்டு, ஆடிப் பார்த்து, பிறகு அடுத்தது. இருபதை ஒன்றாகக் கொட்டினால், குழம்பில் எந்தச் சாமான் கெட்டுப் போனதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையும் முக்கியம். இரண்டு மோட்கள் ஒரே இடத்தை மாற்றினால், பெரும்பாலும் கடைசியில் வருவதே நிற்கும். கோலத்தின் மேல் கோலம் போட்டால் மேலே போட்டதுதானே தெரியும்?

மூன்றாவது, எழுத்து. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. விண்டோஸ், 'ராமசாமி' என்றாலும் 'இராமசாமி' என்றாலும் சாமான் கொடுக்கிற தெருக்கோடி மளிகைக்காரர். லினக்ஸ், எழுத்து மாறினால் செக்கைத் திருப்பியனுப்பும் பாங்கு குமாஸ்தா. மோட் வேலை செய்யவில்லையென்றால் ஃபோல்டர்களின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

நாலாவது, ஆட்டம் புதுப்பதிப்புக்கு மாறும் சமயம். 2024 மார்ச்சில் ஸ்டார்ட்யூவின் 1.6 பதிப்பு வந்தபோது பல மோட்களைத் திருத்த வேண்டியதாயிற்று. பாதி ஆட்டத்தில் இருப்பவர்கள், தங்கள் மோட்கள் தயாரா என்று பார்த்த பிறகு மாறுவதே நல்லது. அதே போல, புது ஊரும் புது மனிதர்களும் சேர்க்கிற பெரிய மோடை நடுவில் பிடுங்காதீர்கள். சேமித்த ஆட்டம் அவர்களைத் தேடித் தடுமாறும்.

இவ்வளவையும் அன்றிரவே மருமகனுக்குச் சொன்னேன். அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டான். பாவம், அவன் செய்ததும் தங்கைக்காகத்தானே! 'போய் விட்டது' என்ற பயத்தில்தான் நாம் உண்மையிலேயே போக்கடித்து விடுகிறோம். பீரோச் சாவியைக் காணோமென்று பூட்டை உடைக்கிறோமே, அந்தக் கதைதான்.

மணி பதினொன்று. ஆட்டம் திறந்தது. பண்ணை வந்தது. கொட்டிலுக்குள் லக்ஷ்மி நின்று கொண்டிருந்தாள். பெண் பக்கத்தில் போய்த் தடவிக் கொடுத்தாள். பசுவின் தலைக்கு மேல் சின்னதாக ஓர் இருதயம் எழும்பியது.

அக்கா ஒன்றும் பேசவில்லை. சுவரோரம் கிடந்த அம்மாவின் நாற்காலியை இழுத்துப் பெண்ணின் பக்கத்தில் போட்டுக் கொண்டு, உட்கார்ந்தாள்.

"அது சரி, கத்தரிக்காயை எந்த ஓரத்தில் நட்டீர்கள்?" என்றாள்.