வெப்சைட் யார் பெயரில் இருக்கு? ஆரணி கடைக்காரர்கள் கேட்க மறக்கும் கேள்வி

ஆரணி மாதிரி ஊரில் ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனராக இருந்தால் வாடிக்கையாளர்கள் ஒரே வகையாக அமைய மாட்டார்கள். இந்த மாதம் பட்டுச் சேலைக் கடை, அடுத்த மாதம் அரிசி ஆலை, நடுவில் ஒரு பல் கிளினிக், ஒரு கல்யாண மண்டபம். டிசைன் மாறும், கலர் மாறும். பெரும்பாலும் மாறாதது ஒன்று: டொமைன், ஹோஸ்டிங், பாஸ்வேர்ட் மூன்றும் டிசைனரின் ஈமெயிலிலேயே இருக்கும். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, நீயே பாத்துக்கோ" என்று ஓனர் சொல்லிவிடுவார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டொமைனைக் கடையின் பெயர்ப் பலகை என்பார்கள். பலகையாவது சொந்தம், டொமைன் கெடு வைத்து எடுக்கும் பெயர். பதிவில் யார் இருக்கிறாரோ அவர்தான் அதைப் புதுப்பிக்கலாம், இன்னொருவருக்கு மாற்றலாம். டிசைனருக்கு பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலைக் கவனிக்கவில்லை என்று வையுங்கள். மீட்கும் கெடுவும் முடிந்துவிட்டால் அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

சட்டம் காப்பாற்றாதா? 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஊர்ப் பெயரையும் பட்டையும் சேர்த்து டொமைன் எடுத்த கடைக்கு அந்த வாதம் அவ்வளவு எளிதில் கைகொடுக்காது. 'ஆரணி பட்டு' புவிசார் குறியீடு பெற்ற பெயர். தறி போடும் எல்லாருக்கும் பொதுச் சொத்து. அதை ஒரு கடை மட்டும் தனக்கென்று கேட்க முடியுமா?

டிசைன் யாருக்குச் சொந்தம் என்பது இதைவிடச் சுவாரஸ்யம். காசு கொடுத்தாச்சு, அதனால் எல்லாம் நம்முடையது என்றுதான் ஓனர்கள் நினைக்கிறார்கள். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்ததுதான் முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்சர் எழுதிய கோடிங்கும் வாசகங்களும், எழுதிக் கொடுக்காதவரை, அவருக்கே சொந்தம். போட்டோவுக்கு மட்டும் விதி வேறு: காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அது சேரும். ஆக ஒரே பக்கத்தில் சேலைப் படம் கடைக்காரருடையது, அதைச் சுற்றி இருக்கும் வேலை டிசைனருடையது!

எழுதிக் கொடுத்தாலும் கவனம் வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர், மலேசியா கஸ்டமரை நம்பி வெப்சைட் போடும் பட்டுக் கடைக்கு இது சின்ன விஷயமில்லை.

இதைப் படித்துவிட்டு டிசைனர்களை வில்லனாக்க வேண்டாம். பாஸ்வேர்டைப் பிடித்து வைப்பதற்குப் பல நேரம் காரணம் பேராசை கிடையாது, பயம். "தீபாவளி முடியட்டும் தம்பி, பாக்கியைத் தர்றேன்" என்பது அடுத்த தீபாவளி வரை நீளும். ஆனாலும் கணக்கு பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கடையின் பெயரைப் பிணையாக வைத்துக்கொள்வது தப்பு. அதற்கு நேரான வழிகள் இருக்கின்றன. பாதிப் பணம் முன்பணமாக, மீதி வெப்சைட் லைவ் ஆவதற்கு முன்பு. உத்யம் தளத்தில் பதிவு செய்ய டிசைனருக்குக் கட்டணமே இல்லை. பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு, எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். ஊர்க்காரர் மேல் வழக்கா என்று தயங்குவார்கள்தான். ஆனால் பில்லின் அடியில் இந்த ஒரு வரி இருந்தாலே பேச்சு மாறும்.

புது வெப்சைட் போடுகிறவர்கள் டொமைனை முதலில் தங்கள் ஈமெயில், தங்கள் கார்டில் வாங்கிவிட்டு, டிசைனருக்கு உள்ளே வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுக்கலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எந்த நிறுவனத்தில் பதிவு, எந்த ஈமெயில், எந்தத் தேதியில் முடிகிறது என்ற மூன்றையும் இன்றே டிசைனரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இன்னும் போனை எடுக்கிறார் என்றால், பெயரை மாற்றுவது பெரிய வேலை கிடையாது.