யானையை விற்றவர்கள்

ஆபீஸில் ஒருத்தன் ஸ்ப்ளெண்டரை விற்றுவிட்டு ஷைன் வாங்கினால் யாரும் கண்டுகொள்வதில்லை. "எவ்வளவு தருது?" என்று மைலேஜை மட்டும் விசாரித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். அதே ஆசாமி கொடைக்கானல், ஏற்காடு என்று சுற்றிக்கொண்டிருந்த புல்லட்டை விற்றுவிட்டு வேறு கம்பெனி வண்டியில் வந்து இறங்கட்டும்... போச்சு! செக்ஷன் செக்ஷனாக வந்து துக்கம் விசாரிப்பார்கள். விவாகரத்துக்குக்கூட அத்தனை கூட்டம் வராது.

கேள்வி ஒன்றுதான். "ஏம்ப்பா மாத்தினே?"

பதிலும் ஒன்றுதான். "பவர் பத்தலை."

இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. பி.காம். படித்தவன் புத்தி அப்படி. கணக்கில் 'இதர செலவுகள்' என்ற வரி பெரிசாக இருந்தால், உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று நோண்டத் தோன்றும். 'பவர் பத்தலை' என்பதும் இதர செலவுகள்தான். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் திண்டிவனம் தாண்டும்வரை 80-ஐத் தொடாத மகானுபாவர்கள்.

ஏன் மாறுகிறார்கள் என்பது இருக்கட்டும். ஒரு காலத்தில் ஏன் யாரும் மாறவில்லை? திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தது 1955-ல். அந்தப் பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு சின்ன வைதீக காரியம். கிக்கரை மெள்ள அமுக்கி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு நூல் நகர்த்தி, லீவரை விட்டு, அப்புறம்தான் உதை. முறை தப்பினால் வண்டி திருப்பி உதைக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான சங்கதி: கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! ரோட்டிலிருந்த மற்ற வண்டிகளுக்கு நேர்மாறு. பத்து வருஷம் புல்லட் ஓட்டியவன் மச்சினன் வண்டியை இரவல் வாங்கினால், குறுக்கே மாடு வரும்போது பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். நம் ஊரில் கல்யாணத்தைக் கால்கட்டு என்பார்கள். புல்லட் நிஜமாகவே காலைத்தான் கட்டிப் போட்டிருந்தது.

2000-க்குப் பிறகு மாடல் மாடலாகக் கியர் இடது பக்கம் வந்தது. பழம் பெருச்சாளிகள் ஒப்பாரி வைத்தார்கள். ஆனால் அன்றைக்குத்தான் கதவு திறந்தது. மற்ற வண்டி ஓட்டின பையன்கள் பயமில்லாமல் உள்ளே வந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

வெளியே பஜாஜ் நின்றுகொண்டிருந்தது. 2016 டிசம்பரில் டாமினார் வந்தது. 373 சிசி, 35 குதிரைசக்தி. அப்போதைய புல்லட் 350-க்குக் கிட்டத்தட்ட 20. மறு வருஷம் ஒரு விளம்பரம் போட்டார்கள். ஆட்கள் பைக்குக்குப் பதில் யானைமேல் ஊர்வலம் போவார்கள், மூச்சு வாங்கும். 'யானை வளர்க்காதே' என்று இந்தியில் முடியும். புல்லட்டின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவா வேணும்?

பவர்தான் காரணம் என்றால் அன்றைக்கே புல்லட்காரர்கள் சாரை சாரையாகக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. விற்பனையில் டாமினாரால் புல்லட்டை நெருங்கவே முடியவில்லை. ஒருத்தனைப் பார்த்து 'நீ யானை வைத்திருக்கிறாய்' என்றால் அது திட்டா ஸார்? கோயில் வாசலில் நாம் காசு கொடுத்து ஆசீர்வாதம் வாங்குகிற பிராணி அது! இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். செகண்ட்ஹாண்டில் புல்லட் போகிற விலையைப் பார்த்தவர்கள் அந்தப் பழமொழியை அப்படியே ஒப்புக்கொள்வார்கள்.

அப்படியும் மாறினவர்கள் உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு உடம்பு கேட்கவில்லை.

பழைய 350 எஞ்சினில் பிஸ்டன் ஒன்றே ஒன்று. அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். 60-ல் போகும்போது அது சங்கீதம். 90-ல் அதே சங்கீதம் ஹாண்டில்பார் வழியாகக் கைக்குள் ஏறும். மதுரையில் இறங்கி டீ கிளாஸைப் பிடித்தால் விரலுக்குச் சூடு தெரியாது. இதைச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. 'கை மரத்துப் போகுது' என்றால் வயசாயிடுச்சு என்பார்கள். 'பவர் பத்தலை' என்றால் வாலிபம் ஜாஸ்தி என்று அர்த்தம்! 2020-ல் மீட்டியாரோடு புது 350 எஞ்சின் வந்தது. பிஸ்டனின் குலுக்கலை எதிர்த்துச் சுழலும் பாலன்ஸர் ஷாஃப்ட் அதில் உண்டு. வெளியே போனவர்களில் சிலர் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். கேட்டால், "அந்த ஃபீல் வேற எதுலயும் வராது மச்சான்." விரலுக்குச் சூடு தெரிகிறது என்று சொன்னால் என்னவாம்?

கால் நீளமும் ஒரு காரணம். ஹிமாலயன் 411-ன் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். 2020-ல் இங்கே வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சருக்கு 855. இரண்டே கால் அங்குலம் வித்தியாசம். காகிதத்தில் ஒன்றுமில்லை. மேட்டில் சிக்னல் விழுந்து, முழு பெட்ரோலோடு, பெருவிரல் நுனியில் நிற்கிற ஐந்தடி நாலங்குலக்காரருக்குத்தான் அது எத்தனை என்று தெரியும்.

அப்புறம் பின் சீட். டூரிங் வண்டி விளம்பரங்களில் அங்கே பெரும்பாலும் ஒரு பைதான் உட்கார்ந்திருக்கும். பை பேசாது. நண்பன் மனைவி ஊட்டியில் இறங்கி, "திரும்பிப் போறச்சே நான் பஸ்ல வரேன், நீங்க வண்டியில வாங்க" என்றாள். அடுத்த மாசம் வண்டி மாறிற்று. காரணம்? அதேதான், பவர்!

மாறினபின் வருகிற கஷ்டம் தனி ரகம். வேறொரு நண்பன் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வண்டி வாங்கினான் (பெயர் எதற்கு, பாவம்). வத்தலக்குண்டு பக்கத்தில் ஒரு சாயங்காலம் படுத்துவிட்டது. மெக்கானிக் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாமியைப் பார்த்த மாதிரி கையெடுத்துக் கும்பிட்டார். "புல்லட்டுன்னா கண்ணைக் கட்டிட்டுப் பிரிப்பேன் தம்பி. இதுல எங்க கை வைக்கறதுன்னே தெரியலை." வண்டி டெம்போவில் சென்னை வந்தது. பார்ட்ஸ் வர பதினோரு நாள். ஈ.எம்.ஐ. மட்டும் அஞ்சாம் தேதி தவறாமல் போயிற்று.

நாம் கம்பெனியை விடுவது ஒருபுறம். கம்பெனி நம்மை விட்டால்? ஹார்லி டேவிட்சன் 2020 செப்டம்பரில், இந்தியாவில் இனி நேரடி வியாபாரமில்லை, ஹரியானா தொழிற்சாலையும் மூடப்படும் என்று அறிவித்தது. பல லட்சம் கொடுத்தவர்கள் ராத்திரி தூங்கியிருப்பார்களா? அடுத்த மாசமே ஹீரோ கம்பெனி பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 2023-ல் எக்ஸ்440 கூடச் சேர்ந்து கொண்டு வந்தார்கள். ஆனாலும் வண்டி வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிற நாம், கம்பெனி எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்கிறோமா? பெண் பார்க்கப் போனால் மூன்று தலைமுறை விசாரிக்கிறோம்.

உண்மையை என்னிடம் சொன்னவர் ஒரே ஒருவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் சீனியர், வயசு 52. தனுஷ்கோடி, கொல்லிமலையின் 70 வளைவு எல்லாம் பார்த்தவர். பெட்ரோல் பங்கில் ஒருநாள் ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது வண்டி சாய்ந்துவிட்டது. 190 கிலோவுக்கு மேல். தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. காற்றடிக்கிற பையன் ஓடி வந்து, "விடுங்க தாத்தா" என்று தூக்கி நிறுத்தினானாம்.

"கனம்கூடப் பரவாயில்லைப்பா. 'தாத்தா'ன்னான் பாரு..."

அந்த வாரமே 160 கிலோவுக்குள் ஒரு 200 சிசி வண்டி வாங்கினார். பழையதை வாங்க அம்பத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தபோது நானும் இருந்தேன். வண்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"நல்லாத்தானே இருக்கு... ஏன் சார் குடுக்கறீங்க?"

"பவர் பத்தலைப்பா."

பையன் பக்கத்தில் நின்ற புது வண்டியைப் பார்த்தான். "இது 200 சிசிதானே சார்?"

அவர் ஃபாரம் 29-ல் கையெழுத்துப் போட்டபடியே, "காபி சாப்பிடறியா, டீயா?" என்றார்.