போய்ச் சேராத கப்பல்



விண்வெளிப் படம் என்று பேச்சு வந்தால் உங்கள் கடிதங்களில் 'இன்டர்ஸ்டெல்லார்' வரும், மிஞ்சிப்போனால் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' வரும். 2018-இல் ஸ்வீடனிலிருந்து வந்த 'அனியாரா'வை யாரும் சொல்வதில்லை. அந்த ஆதங்கத்திலேயே அண்மையில் அதை மறுபடி பார்த்தேன்.

பூமி வாழ லாயக்கற்றுப்போய், மக்கள் செவ்வாய்க்குக் குடிபெயர்கிறார்கள். மூன்று வாரப் பயணம்தான். வழியில் விண்வெளிக் குப்பை மோதி, எரிபொருள் முழுவதையும் வெளியேற்ற வேண்டியதாகிறது. அப்புறம் கப்பலைத் திருப்ப வழியில்லை. விளக்கு எரிகிறது, பாசியை வளர்த்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். போய்ச் சேர ஓர் இடம்தான் இல்லை.

இயக்குநர்கள் பெல்லா கோகர்மனும் ஹுகோ லில்யாவும் இந்தக் கப்பலை ஒரு ஷாப்பிங் மால் போலவே காட்டியிருக்கிறார்கள். நகரும் படிக்கட்டு, கடைகள், நடன அரங்கு எல்லாம் உண்டு. கெட்ட செய்தி வந்த பிறகும் கடைகள் திறந்தே இருக்கின்றன. எந்த அரக்கனும் வராத இந்தப் படத்தில் எனக்குப் பயம் தட்டியது அங்கேதான்.

கப்பலில் 'மீமா' என்றொரு இயந்திரம். அதன் கீழே குப்புறப் படுத்தால், பூமியில் பார்த்த காடும் ஏரியும் மனக்கண்ணில் விரியும். முதலில் சீண்டுவாரில்லை. விபத்துக்குப் பிறகு வரிசை கட்டி நிற்கிறார்கள். அத்தனை பேரின் துக்கத்தையும் உள்வாங்கிய மீமா, தாங்கமாட்டாமல் தன்னையே அழித்துக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் மனக்குறை சொல்லப் பழகிவரும் நமக்கு இந்தக் காட்சி வேறு மாதிரி உறைக்கிறது.

இந்தப் படத்துக்கு மூலம் ஹாரி மார்ட்டின்சன் 1956-இல் வெளியிட்ட நெடுங்கவிதை, 103 பகுதிகள். ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளின் காலம் அது. 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக்குமிழி நகர்வதைப் போலத்தான் நாம் நகர்கிறோம் என்று வானியலாளர் ஒருத்தி விளக்கும் இடம் கவிதையிலிருந்து வந்தது.

குறை இல்லாமல் இல்லை. மீமா போனபின் முளைக்கும் வழிபாட்டுக் கூட்டங்களை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். சில காட்சிகள் குழந்தைகளோடு பார்க்க ஏற்றவையும் அல்ல.

'மூன்றாம் வாரம்', 'பத்தாம் ஆண்டு' என்று தலைப்பு அட்டைகள் வந்துகொண்டே இருக்கும். கடைசி அட்டையில் வரும் எண்ணை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்