கலங்கரை வெச்சீங்க, சரி. கரை சேர்ந்தவனைக் கேட்டீங்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. மீம் பார்த்துட்டு தள்ளிட்டுப் போற மாதிரி போயிடாதீங்க. முழுசா படிங்க.

பழவேற்காட்டுல லைட் ஹவுஸ் குப்பம்னு ஒரு ஊர் இருக்கு. பேருக்கு ஏத்த மாதிரி அங்க ஒரு கலங்கரை விளக்கம் நிக்குது. அந்த வெளிச்சம் யாருக்கு? கரையில நின்னு செல்ஃபி எடுக்கிறவனுக்கு இல்ல. இருட்டுல கடல்ல இருக்கிறவனுக்கு. அவன் கண்ணுக்குத் தெரியலன்னா அது விளக்கே இல்ல, வெறும் தூண்.

2025-ல தமிழ்நாடு அரசு 'கலங்கரை'ன்னு பேர் வெச்சு அரசு மருத்துவமனைகள்ல 25 போதை மீட்பு மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. பேர் நல்லா இருக்கு. நோக்கமும் நல்லதுதான். எதைச் செஞ்சாலும் திட்டுறது நம்ம அரசியல் இல்ல. திறந்ததை வரவேற்கிறோம்.

ஆனா ஒரு கேள்வி இருக்கு. அந்த மையம் எப்படி நடக்கணும்னு முடிவு பண்ற மேசையில, குடியில இருந்து மீண்ட ஒரு மீனவருக்கு நாற்காலி இருக்கா? அவரைக் காப்பாத்த ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்ச மனைவிக்கு நாற்காலி இருக்கா? இருந்தா எண்ணிக்கையை வெளியிடுங்க. இல்லன்னா ஏன் இல்லன்னு பதில் சொல்லுங்க.

பசியாவரத்துல இருந்து பார்ப்போம்

பசியாவரம் பழவேற்காடு ஏரிக்குள்ள தண்ணி சூழ்ந்த மீனவ கிராமம். பல காலம் கடைத்தெருவுக்கு வரணும்னாலே படகுதான். முதல்லயே ஒண்ணு சொல்லிடறோம். பசியாவரம் குடிகார ஊர் இல்ல. தமிழ்நாட்டுல எந்த ஊருக்கும் இருக்கிற பிரச்சனைதான் அங்கயும். வித்தியாசம் என்னன்னா, உதவி கிடைக்கிற இடம் அங்க இருந்து ரொம்ப தூரம்.

ஒரு கடலோடி குடியை விடணும்னு முடிவு பண்ணிட்டார்னு வைங்க. பழவேற்காட்டுல இருந்து பொன்னேரிக்கே சுமார் 20 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகர் திருவள்ளூர் அதையும் தாண்டி ரொம்ப தூரம். காலையில ஓ.பி. சீட்டு போடணும். ராத்திரி வலைக்குப் போனவர் காலையிலதான் கரைக்கு வருவார். மீனை ஏலத்துல விட்டாத்தான் அன்னைக்கு அடுப்பு எரியும். அவர் எந்த நேரத்துல சீட்டு போடுவார்? வாரக்கணக்குல உள்ள தங்கி சிகிச்சை எடுக்கணும்னா வீட்டுல யார் சோறு போடுவா? முகத்துவாரம் மணல் மூடி மீன்வரத்து இல்லாத மாசத்துல வரச் சொன்னா அவருக்கு வசதி. பாடு நல்லா இருக்கிற மாசத்துல வரச் சொன்னா வரவே மாட்டார்.

இதெல்லாம் யாருக்குத் தெரியும்? சென்னையில ஏசி ரூம்ல திட்டம் போடுறவருக்கா? பசியாவரத்துல இருக்கிற ஒரு அக்காவைக் கூப்பிட்டு உக்கார வெச்சா பத்து நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

இன்ஜினியரிங் படிச்ச தோழர்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ஓப்பன் லூப், க்ளோஸ்டு லூப்னு படிச்சிருப்போம். அவுட்புட் என்ன ஆச்சுன்னு திரும்பிப் பார்க்காத சிஸ்டம் ஓப்பன் லூப். நம்ம ஊர் போதை மீட்பு சேவை பெரும்பாலும் அப்படித்தான் ஓடுது. எத்தனை பேர் உள்ள வந்தாங்கன்னு ரெஜிஸ்டர்ல இருக்கும். வெளிய போனவன் என்ன ஆனான், எது உதவுச்சு, எது உதவலன்னு அவன்கிட்டயே கேக்கிற வழக்கம் இல்ல. பத்து ரூபா பிரியாணிக் கூப்பனுக்கு ஸ்டார் ரேட்டிங் கேக்கிற காலத்துல, உயிர் போற சிகிச்சைக்குக் கருத்து கேக்க ஆள் இல்ல!

என் கூட படிச்ச ஒருத்தன் கதை. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். வீட்டுல இருந்தவங்க பயந்துபோய் ஒரு தனியார் மையத்துல சேர்த்தாங்க. மூணு மாசம் பூட்டின கதவுக்குள்ள. போன் கிடையாது. அடி உண்டு. வெளிய வந்தப்ப அவன்கிட்ட யாரும் ஒரு கேள்வி கேக்கல. அவங்க அப்பாகிட்ட வாங்கினது பில்லுல கையெழுத்து மட்டும். மூணே வாரத்துல திரும்பக் குடிச்சான். அப்புறம் அவனை மீட்டது யார் தெரியுமா? அவனுக்கு முன்னாடி அதே குழியில விழுந்து எழுந்த ஒருத்தர். ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டாலும் போன் எடுத்தார். அவ்வளவுதான். அவருக்குச் சம்பளமும் இல்ல, அடையாள அட்டையும் இல்ல.

கணக்கு பேசுவோம்

2019-ல எய்ம்ஸ் மூலமா ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வு என்ன சொல்லுதுன்னா, மதுவால பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுறவங்க இந்தியாவுல 5.7 கோடிக்கும் மேல. மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. உள்நோயாளியா சிகிச்சை கிடைச்சது 180 பேர்ல ஒருத்தருக்கு. மீதி 179 பேர் எங்கன்னு ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

இந்தப் பக்கம் டாஸ்மாக். 1983-ல ஆரம்பிச்ச நிறுவனம், 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையையும் கையில எடுத்துச்சு. ஆண்டது இவங்களா இருந்தாலும் அவங்களா இருந்தாலும் கல்லா மட்டும் நிக்கவே இல்ல. 2024-25-ல அரசுக்கு வந்த வருமானம் சுமார் 48,344 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 130 கோடிக்கு மேல. இதுல நூத்துல ஒரு பங்கை எடுத்து வெச்சாலே வருஷத்துக்கு 480 கோடி ரூபாய்க்கு மேல மறுவாழ்வுக்கு வரும். வித்த காசுல ஒரு ரூபாய்க்கு ஒரு பைசா. அதைத்தான் கேக்கிறோம்.

"கடையை மூடினா எல்லாம் சரியாகிடும்ல?"

இதை நம்ம தோழர்களுக்கே சொல்றோம். மதுக்கடையை மூடணும்ங்கறது நம்ம நிலைப்பாடு. அதுல மாற்றம் இல்ல. ஆனா கடையை மூடின மறுநாள் என்ன நடக்கும்னு யோசிக்காம கோஷம் மட்டும் போடுறது பொறுப்பில்லாத அரசியல்.

2020 ஊரடங்குல கடை மூடினப்ப பார்த்தோமே. புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்துல ஷேவிங் லோஷனைக் கலந்து குடிச்ச மீனவர்கள் இறந்தாங்க. வருஷக்கணக்கா தினமும் நிறைய குடிச்ச உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா கை கால் நடுக்கம், வலிப்பு, ரெண்டு மூணு நாள்ல புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்துன்னு போகும். அது ஒழுக்கப் பிரச்சனை இல்ல, மருத்துவப் பிரச்சனை. மருந்து இருக்கு, டாக்டர் கண்காணிப்புல தாண்டிடலாம்.

2023 மே, மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம். அதுவும் மீனவ கிராமம்தான். கள்ளச்சாராயம் குடிச்சு செத்தாங்க. 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேற்பட்ட உயிர். ரெண்டு தடவையும் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிச்சாங்க. செத்த பிறகு 10 லட்சம் கொடுக்கத் தெரிஞ்ச அரசுக்கு, உயிரோட இருக்கும்போது 'உனக்கு என்ன தேவை'ன்னு கேக்கத் தெரியல.

ஏரிக்கு வடக்கே நெல்லூர்ச் சீமை. 1992-ல தூபகுண்டாங்கிற கிராமத்துல அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடைக்கு எதிரா எழுந்தாங்க. ரோசம்மா மாதிரி சாதாரணப் பெண்கள்தான் முன்னாடி நின்னாங்க. மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபர்ல ஆந்திராவுல சாராயத்துக்குத் தடை வந்துச்சு. 1995-ல முழு மதுவிலக்கு. ஆனா 1997-லயே வருமான இழப்பு, கடத்தல்னு காரணம் சொல்லி தளர்த்திட்டாங்க. போராட்டத்துக்குப் பெண்கள் தேவைப்பட்டாங்க. ஆட்சியோட கணக்குப் புத்தகத்தைத் திறந்தப்ப அவங்களைக் கேக்க யாரும் இல்ல. பாதிக்கப்பட்டவங்களுக்குத் தெருவுல மட்டும் இடம் இருந்தா போதாது, முடிவெடுக்கிற இடத்துலயும் இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

"குடிகாரனுக்கு என்ன தெரியும்?"

கமெண்ட்ல இது வரும்னு தெரியும். பதிலை இப்பவே வாங்கிக்கோங்க.

டாக்டர் வேண்டாம்னு யாரும் சொல்லல. எந்த மருந்து, எவ்வளவு அளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா எந்த நேரத்துல மையம் திறந்தா ஆள் வருவாங்க, எந்த வார்த்தை சொன்னா திரும்பிப் போயிடுவாங்க, வீட்டுக்குப் போன முதல் சம்பள நாள்ல என்ன நடக்கும், இதெல்லாம் அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். ரெண்டும் சேர்ந்தாத்தான் சிகிச்சை.

நம்ம சென்னையிலயே முன்னுதாரணம் இருக்கு. எச்.ஐ.வி.ன்னாலே ஊர் ஒதுக்கி வெச்ச காலம். 1997-ல எச்.ஐ.வி.யோட வாழுறவங்களே சேர்ந்து சென்னையில அகில இந்திய கூட்டமைப்பு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 'எங்களைப் பத்திப் பேசணும்னா எங்களை வெச்சுப் பேசு'ன்னு சொன்னாங்க. 2004-ல தாம்பரம் அரசு மருத்துவமனை உட்பட சில இடங்கள்ல இலவசக் கூட்டு மருந்து தொடங்கினப்ப, பயந்து ஒளிஞ்சவங்களை மருந்துக்குக் கூட்டிட்டு வந்ததுல பாதிக்கப்பட்டவங்களோட பங்கு பெருசு. அவங்களால முடிஞ்சது குடியில இருந்து மீண்டவங்களால முடியாதா?

"திரும்பக் குடிச்சுட்டா?" குடிக்கலாம். சர்க்கரை நோயாளி மைசூர்பாகு சாப்பிட்டா ஆஸ்பத்திரியை விட்டுத் துரத்துவீங்களா? திரும்பக் கூப்பிட்டு உக்கார வெப்பீங்க. அதே மரியாதையை இவருக்கும் கொடுங்க.

சட்டமே சொல்லுது!

இது நம்ம கட்சி கண்டுபிடிச்ச புதுக் கோரிக்கை இல்ல. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ஐ எடுத்துப் படிங்க. மது, போதைப் பழக்கத்தால வர்ற மனநிலைப் பாதிப்பும் இந்தச் சட்டத்துக்குள்ள வருது.

பிரிவு 46: மாநில மனநல ஆணையத்துல, பாதிக்கப்பட்ட அல்லது பாதிக்கப்பட்டு மீண்டவங்க சார்பா ரெண்டு பேர், பராமரிக்கிறவங்க சார்பா ரெண்டு பேர் இருக்கணும்.

பிரிவு 67: பதிவு செஞ்ச மையங்களை 3 வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கை செய்யணும். அதுல உள்ளூர் மக்களோட பிரதிநிதிகளும் இருக்கலாம்னு சட்டமே இடம் கொடுக்குது.

பிரிவு 74: நோயாளி உரிமைக்கான மறுஆய்வு வாரியத்துலயும் பாதிக்கப்பட்டவங்க, பராமரிக்கிறவங்க, அவங்க அமைப்புகள் தரப்புக்கு ரெண்டு இடம்.

பிரிவு 28: சேவையில குறை இருந்தா புகார் சொல்ல நோயாளிக்கு உரிமை.

சட்டம் நாற்காலி போட்டு வெச்சிருக்கு. உக்கார வேண்டியவரைக் கூப்பிட்டு உக்கார வைக்கிறதுதான் அரசோட வேலை.

பழவேற்காடு மீனவர்களுக்கு இது புதுசும் இல்ல. 'பாடு' முறைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. யார், எந்த நாள், ஏரியில எந்த இடத்துல வலை கட்டலாம்னு முறை வெச்சு, சீட்டுப் போட்டுப் பங்கிடுறது. எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வகுத்தது இல்ல, தொழில் செய்யறவங்களே வகுத்தது. அந்தப் பட்டியல்ல பேர் இல்லாத ஊர்களுக்கு வருத்தம் உண்டு, அதையும் மறைக்கல. அதுவும் ஒரு பாடம்தான். பட்டியல்ல பேர் இருக்கிறவங்க குரல்தான் கேக்கும். போதை மீட்பு விஷயத்துல மீண்டவங்க பேர் எந்தப் பட்டியல்லயும் இல்ல.

நம்ம கோரிக்கைகள்

1. ஒவ்வொரு கலங்கரை மையத்துக்கும் ஒரு பயனாளர் குழு. அதுல பாதி இடம் மீண்டவங்களுக்கும், மனைவி, அம்மா உட்பட குடும்பத்தாருக்கும். மாசம் ஒரு கூட்டம். எடுத்த முடிவு மையத்தோட சுவத்துல ஒட்டணும்.

2. பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரம் ஒரு நாள் போதை மீட்பு ஓ.பி. நேரத்தை மீனவ கிராமங்களைக் கேட்டு முடிவு பண்ணணும்.

3. 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினப்ப பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வந்துச்சுல்ல? அதே மாதிரி மீண்டவங்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊதியத்தோட ஊருக்கு ஒரு துணையாளர். இலவசமா சேவை செய்யச் சொல்லி ஏமாத்தக் கூடாது.

4. தனியார் மையங்கள்ல உள்ளூர் மக்கள், மீண்டவங்க சேர்ந்த தணிக்கை. அடிச்சாலோ அடைச்சாலோ உரிமம் ரத்து.

5. டாஸ்மாக் வருமானத்துல நூத்துக்கு ஒண்ணு மறுவாழ்வுக்கு. அதை எப்படிச் செலவு பண்றதுங்கறதுல பயனாளர் குழுவுக்கு ஓட்டு.

நாமளும் கொஞ்சம் திருந்துவோம்

அரசைக் கேக்குறதுக்கு முன்னாடி நம்ம வீட்டையும் பார்ப்போம். எதிர்க்கட்சிக்காரனைக் கிண்டல் பண்ண 'குடிகாரன்' மீம் போடுறதை நிறுத்துங்க. அதைப் பார்க்கிற ஒருத்தன் நாளைக்கு உதவி கேக்கக் கூச்சப்படுவான். சிகிச்சைக்கு வர்றவங்க முகத்தைப் போட்டோ எடுத்து நம்ம பேஜ்ல போடாதீங்க. நம்ம கூட்டத்துக்கு ஆள் சேர்க்க எவனாவது பாட்டில் கொடுத்தா அவன் நம்ம நிர்வாகியா இருந்தாலும் நம்ம ஆள் இல்ல. மாவட்டத் தலைமைக்குச் சொல்லுங்க.

அடுத்த வேலை: 25 மையங்கள்லயும் மீண்டவங்களுக்கு எத்தனை இடம், கடைசியா அவங்ககிட்ட எப்போ கருத்து கேட்டாங்க, அதுல எதைச் செயல்படுத்தினாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுறோம். பதில் வந்தா இதே பேஜ்ல முழுசா போடுவோம். நல்ல பதில் வந்தா பாராட்டியும் போடுவோம்.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ விட முடியாம தவிக்கிறவங்க இருந்தா, ஒன்றிய அரசோட போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. தினமும் குடிக்கிறவரை வீட்டுல வெச்சுத் திடீர்னு நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கரை சேர்ந்தவனுக்குத்தான் எந்த இடத்துல பாறை, எந்த இடத்துல சுழல்னு தெரியும். அவனை வாசல்ல நிக்க வெச்சுட்டு உள்ள உக்காந்து வரைபடம் வரையாதீங்க.

பகிருங்கள் தோழர்களே. இந்தப் பதிவு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் வெற்றிதான்.

- தகவல் தொழில்நுட்ப அணி, திருவள்ளூர் மாவட்டம்

#மீண்டவர்களைக்_கேள் #கலங்கரையில்_நாற்காலி #பழவேற்காடு #பசியாவரம்