பாலை நிறுத்தினால் கட்டி வாடிவிடுமா?

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 61 வயது, விவசாயம். 18 வயதிலிருந்து பீடி. ஐப்பசியில் சிறுநீரில் ரத்தம் போய், ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர்ப்பையில் கட்டி என்று தெரிந்தது. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தான், ‘ஹை கிரேடு’ என்கிறது ரிப்போர்ட். ஆனால் பையின் தசைக்குள் இறங்கவில்லை. இப்போது வாரம் ஒரு முறை பையின் உள்ளே பி.சி.ஜி. மருந்து விடுகிறார்கள். மூன்று வாரம் முடிந்திருக்கிறது. ‘எரியுது, நாலாவதுக்கு வரமாட்டேன்’ என்கிறாராம்.

கடிதத்தில் அவர் முக்கியமாகக் கேட்டிருப்பது வேறு. “சென்னையில் இருக்கும் மகன் போனில் எதையோ படித்துவிட்டு, ‘குரோத் ஃபேக்டர்தான் இந்தக் கட்டியை வளர்க்குதாம். வளர்ச்சி கொடுக்கும் எதையும் அப்பாவுக்குக் கொடுக்காதே’ என்று சொன்னான். பால், முட்டை, மீன், உளுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்துவிட்டார். நான் செய்தது சரிதானா? யூரியா போட்டு விளைந்த அரிசியையும் நிறுத்தணுமா?”

அம்மா, முதலில் அடுப்பில் பாலை வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மகன் படித்தது பொய் இல்லை. புரிந்துகொண்டதுதான் தப்பு. குரோத் ஃபேக்டர், தமிழில் வளர்ச்சிக் காரணி, என்பது சத்து அல்ல. நம் உடலே தயாரிக்கிற ஒரு வகைப் புரதம். ஒரு செல்லிடமிருந்து இன்னொரு செல்லுக்குப் போகிற உத்தரவு. நம் ஊர் வாய்க்காலில் மதகு திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து உத்தரவு வருகிறது. லஸ்கர் ஷட்டரைத் தூக்குகிறார். முறை முடிந்ததும் இறக்கிவிடுகிறார். வளர்ச்சிக் காரணி அந்த உத்தரவு. செல்லின் மேல்தோலில் அதை வாங்கிக்கொள்ள ஓர் ‘ஏற்பி’ இருக்கிறது, அதுதான் லஸ்கர். உத்தரவு வந்தால் செல் பிரிந்து பெருகும், வராவிட்டால் சும்மா இருக்கும். விரலில் அரிவாள் பட்ட காயம் ஆறுவதும், நாக்கு சுட்ட இடம் இரண்டே நாளில் சரியாவதும் இப்படித்தான்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டார். அந்தக் குட்டிகள் வழக்கத்தைவிடச் சில நாட்கள் முன்னதாகவே கண் திறந்தன, பல்லும் சீக்கிரம் முளைத்தது. அதற்குக் காரணமான பொருளுக்கு ஈ.ஜி.எஃப். என்று பெயர். இந்த வேலைக்காக 1986-ல் அவரும் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இத்தாலிய அம்மையாரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு தெரியவந்த செய்தி நமக்கு முக்கியம்: இந்த ஈ.ஜி.எஃப். மனிதச் சிறுநீரில் தாராளமாக இருக்கிறது. அதாவது, ஆரோக்கியமானவரின் சிறுநீர்ப்பையும் நாள் முழுக்க வளர்ச்சி உத்தரவில் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் கட்டி வர வேண்டுமே? வராததற்குக் காரணம், ஆரோக்கியமான பையில் அந்த உத்தரவை வாங்கும் ஏற்பிகள் பெரும்பாலும் உள்தோலின் அடி அடுக்கில்தான் இருக்கின்றன. மேல் அடுக்கு கூரை மாதிரி மூடியிருக்கிறது. உள்தோலில் கீறல் விழுந்தால்தான் சிறுநீர் கீழே எட்டும், உத்தரவும் எட்டும், புண் ஆறும். நல்ல ஏற்பாடு. புற்றுநோயில் இது குலைந்துபோகிறது. அடியில் இருக்க வேண்டிய ஏற்பிகள் மேலேயும் வந்துவிடுகின்றன.

இன்னொரு கோளாறும் உண்டு. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்று ஒரு ஏற்பி. சிறுநீர்ப்பையில் ஆழம் போகாத, வேகம் குறைந்த கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இதன் மரபணுவில் பிழை காணப்படுகிறது. தசைக்குள் ஊடுருவிய கட்டிகளில் அவ்வளவு இல்லை. பிழை விழுந்த ஏற்பி என்ன செய்யும்? உத்தரவே வராமல் ஷட்டரைத் தூக்கி வைத்துவிடும். (வேடிக்கை என்னவென்றால், எலும்பு வளரும் இடத்தில் இதே ஏற்பிக்கு வளர்ச்சியை அடக்குகிற வேலை. பிறவியிலேயே அதில் பிழை இருந்தால் கை கால் குட்டையாகிவிடும்.)

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். கோளாறு ஷட்டரில். பாலையும் முட்டையையும் நிறுத்தி அதை மூட முடியாது. பாலில் உள்ள புரதம் மற்ற புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்து உடைந்துபோகும். யூரியா நெற்பயிருக்குத் தழைச்சத்து. மனித செல்லுக்கு அது உத்தரவு இல்லை. நீங்கள் பட்டினி போட்டது கட்டியை அல்ல, உங்கள் வீட்டுக்காரரை. சிகிச்சைக்கு நடுவே ஒரு மாதத்தில் ஐந்து கிலோ குறைவது சாதாரண விஷயம் இல்லை. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் எடை குறைந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால் முன்பு சாப்பிட்ட எல்லாமே சாப்பிடலாம்.

நிறுத்த வேண்டியது பீடியை. கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்! புகையில் உள்ள ரசாயனங்கள் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போய், சிறுநீரகம் வடிகட்டி, பையில் மணிக்கணக்கில் தேங்குகின்றன. மரபணுவில் பிழை விழுவது அங்கேதான். இதே வகை ரசாயனம் சாயத் தொழிலிலும் உண்டு. 1895-லேயே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். பென்சிடின் சாயங்களுக்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. இருந்தாலும் திருபுவனம், கும்பகோணம் பக்கம் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் வெறுங்கையோடு தொட்டியில் இறங்க வேண்டாம்.

கட்டி வளர வளர அதற்கு ரத்தம் வேண்டும். அதற்காக வி.ஈ.ஜி.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, பக்கத்து ரத்தக் குழாயிலிருந்து தனக்குக் கிளை வெட்டிக்கொள்கிறது. திருட்டு வாய்க்கால்தான்! அவசரத்தில் வெட்டிய வாய்க்காலுக்குக் கரை பலமாக இருக்காது அல்லவா? இந்தக் குழாய்களும் அப்படியே. சுலபமாக உடையும், ரத்தம் கசியும், தானாகவே உறைந்து நின்றுவிடும். வலி இருக்காது. ஒரு நாள் சிவப்பாகப் போகும், பிறகு மூன்று மாதம் தெளிவாகப் போகும்.

இந்த இடைவெளிதான் நம் பக்கத்தில் ஆளைக் கவிழ்க்கிறது. ‘சூடு’ என்று இளநீரும் வெந்தயமும் நீர்மோரும் கொடுப்போம். ரத்தம் தானாகவே நிற்கும். இளநீரால் நின்றது என்று நினைத்துக்கொள்வோம். வரப்போரம் ஒதுங்குகிற ஆண்களுக்கு நிறம் மாறியதே தெரியாது, மண் குடித்துவிடும். பெண்களுக்கு வேறு விதமான தாமதம். ‘யூரினரி இன்ஃபெக்‌ஷன்’ என்று மாத்திரை மேல் மாத்திரையாக ஓடி, மாதவிடாய் நிற்கிற வயதில் ‘அதுவாக இருக்கும்’ என்றும் ஓடி, ஆண்களைவிடப் பிந்தித்தான் நோய் தெரியவருகிறது. ஒரே ஒரு தடவை சிறுநீர் சிவந்தாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும் பரிசோதனை வேண்டும். சிறுநீர் டெஸ்ட், ஸ்கேன், தேவைப்பட்டால் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாளும், சில காசநோய் மாத்திரைகளாலும் நிறம் மாறுவது உண்டு. அதையும் டெஸ்ட் சொல்லிவிடும்.

இனி அந்த நான்காவது வாரம். பி.சி.ஜி. என்பது குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். 1948 முதல் நம் கிண்டியில் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் உடலின் எதிர்ப்பு சக்தி அங்கே திரண்டு வந்து மிச்சமிருக்கும் புற்று செல்களையும் தாக்குகிறது என்று 1976-ல் கனடா மருத்துவர் அல்வாரோ மொராலஸ் காட்டினார். ஹை கிரேடு கட்டி திரும்ப வராமல் தடுப்பதற்கு இன்றைக்கும் இதுதான் பிரதான மருந்து. எரிச்சலும், அடிக்கடி போக வேண்டியிருப்பதும், லேசான ஜுரமும் ஓரிரு நாள் இருப்பது அந்தச் சண்டையின் அறிகுறி. எரிச்சல் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லட்டும், மாத்திரை தருவார். ஒரு வாரம் தள்ளியும் வைப்பார். தானாக நிறுத்தக் கூடாது. குளிர் நடுக்கத்தோடு ஜுரம் அடித்தாலோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

மருந்து விட்ட அன்று ஆறு மணி நேரம் வரை வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். வயலில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிளீச் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் விடுங்கள். தெருவில் யாராவது ‘டி.பி. மருந்தாமே’ என்று ஒதுங்கினால், அவருக்குக் காசநோய் இல்லை என்று சொல்லுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் தேவையில்லை.

மகனுக்கு ஒரு வார்த்தை: பிழையான எஃப்.ஜி.எஃப்.ஆர். ஏற்பியை அடக்க எர்டாஃபிடினிப் என்ற மாத்திரை வந்திருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய் பரவிய நிலையில், மரபணுப் பரிசோதனையில் அந்தப் பிழை உறுதியானவர்களுக்குத்தான் அது. அப்பாவுக்கு இப்போது அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். இருக்கிற சிகிச்சையில் எவையெல்லாம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு வரட்டும்.

ஐப்பசியில் ஆபரேஷன் என்றால் முதல் சிஸ்டோஸ்கோப்பி தையில் வரும். சம்பா அறுவடை நேரம். ‘மெஷின் வந்துவிட்டது, அடுத்த மாதம் போகலாம்’ என்பார். இந்தக் கட்டி திரும்ப முளைக்கிற ஜாதி. கேமராவில் பார்த்தால்தான் சின்னதாக இருக்கும்போதே தெரியும். வண்டி ஏற்பாட்டை இப்போதே மகனிடம் சொல்லி வையுங்கள். வயலை மச்சினர் பார்த்துக்கொள்ளட்டும்.